சமையலறையை இடிக்கும் முன்

வீட்டில் ஒரு வேலையைத் தொடங்குவதற்கு முன் நாம் அனைவரும் நாள் பார்க்கிறோம். ஆடியும் மார்கழியும் வேண்டாம் என்கிறோம்; ராகு காலத்தைத் தவிர்க்கிறோம்; பொங்கலுக்குள் முடியுமா என்று கொத்தனாரிடம் கேட்கிறோம். ஆனால் வீட்டில் சிகிச்சை பெறுபவர் ஒருவர் இருந்தால், அவருடைய தேவையை அந்தக் கணக்கில் சேர்க்கிறோமா? நாங்கள் சேர்க்கவில்லை. அதனால் நேர்ந்ததைப் பிற குடும்பங்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

எங்கள் தந்தையாருக்கு வாரம் 3 முறை டயாலிசிஸ் நடைபெறுகிறது. அவருக்குரிய உணவு முழுவதும் தாயாரின் பொறுப்பில் இருந்தது. காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிய பிறகே தாயார் சமைப்பார். காயிலுள்ள பொட்டாசியத்தைக் குறைப்பதற்கு உணவியல் நிபுணர் சொல்லித்தந்த முறை அது. உப்பைக் கரண்டியால் அளந்துதான் போடுவார். நாள் முழுவதும் குடிப்பதற்கான நீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் நிரப்பி வைத்துவிடுவார். மாத்திரைகளுக்கு நிகரான சிகிச்சை அந்தச் சமையலறையில் நடந்துகொண்டிருந்தது என்பதை நாங்கள் அப்போது உணரவில்லை.

தரை ஓடுகள் பெயர்ந்திருந்தன; கழிவுநீர்க் குழாய் கசிந்து சுவர் ஊறிப்போயிருந்தது. பழுது பார்க்க வேண்டிய நிலைதான். 20 நாள்களில் முடித்துத் தருவதாக ஒப்பந்தக்காரர் சொன்னார். இடித்த பிறகுதான் சுவருக்குள் இருந்த குழாய்கள் யாவும் துருப்பிடித்திருந்தது தெரிந்தது. கிரானைட் பலகை அளவு தவறி வந்தது. தச்சர் ஊருக்குப் போய்விட்டார். எல்லாம் முடிய 52 நாள்கள் ஆயின.

அதுவரை மெஸ்ஸில் சாப்பாடு வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தோம். உப்பைக் குறைக்கும்படி சொல்லியும் வைத்தோம். நூறு பேருக்கு ஒரே அண்டாவில் கொதிக்கும் சாம்பாரில் ஒருவருக்கு மட்டும் யார் உப்பைக் குறைக்க முடியும்? உப்பு மிகுந்தால் தாகம் மிகும். தாகம் மிகுந்தால் குடிக்கும் நீர் மிகும். வெளியேற வழியில்லாத நீர் உடலிலேயே தங்கும். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் வழக்கமாக 1.5 கிலோ அளவில் கூடும் எடை, ஒருமுறை 3.5 கிலோ கூடிவிட்டது. முந்தைய இரவு முழுவதும் மூச்சுத் திணறலால் படுக்க இயலாமல் தந்தையார் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார். எடை பார்த்த செவிலியர், “என்னப்பா, வெளிச் சாப்பாடா?” என்று கேட்டார். “வீட்டுல கொத்து வேலை நடக்குதும்மா” என்றார் தந்தையார். எங்களைப் பற்றி ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை.

அன்று மாலையே தாயார் படுக்கையறை மூலையில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துச் சமைக்கத் தொடங்கினார். மூட்டுவலியுள்ள அவர், குளியலறையில் குந்தியமர்ந்து பாத்திரம் கழுவினார். அஞ்சறைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அரிசி மூட்டை வாசற்பக்கத்தில் இருந்தது. “கொஞ்ச நாள்தானே, சமாளித்துக்கொள்ளலாம்” என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். உண்மையில் சமாளித்தவர் அவர் ஒருவரே.

எனவே எங்கள் கருத்து இதுதான்: நோயாளி உள்ள வீட்டில், தற்காலிகச் சமையலறை ஒன்று தயாரான பிறகே பழைய சமையலறையில் சுத்தியல் விழ வேண்டும். நின்று சமைக்கத்தக்க உயரமுள்ள ஒரு மேசை, அடுப்பு, பாத்திரம் கழுவ ஓரிடம், குடிநீர் ஆகியவற்றை அமைத்து, அங்கே இரண்டு நாள் சமைத்துப் பார்க்க வேண்டும். குறைகள் அப்போதே தெரிந்துவிடும். எரிவாயு அடுப்பானால் காற்றோட்டம் இருக்க வேண்டும்; சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும்; அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஆக்சிஜன் பெறும் நோயாளியின் அறையில் அடுப்பு அறவே கூடாது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டுவது. மின்வேலைக்காக மெயினை நிறுத்தும் நாள்களில் அதைப் பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க முன்கூட்டியே கேட்டுவைப்பது நலம்.

தூசியையும் எளிதாக எண்ணிவிடக் கூடாது. கிரானைட்டையும் டைல்ஸையும் அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூள் எவருடைய நுரையீரலுக்கும் கேடு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உடனடித் துன்பம். ஊறிய பழைய சுவரை இடிக்கையில் அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகளும் காற்றில் கலக்கும். நலமாக உள்ளவர்களை அவை பெரும்பாலும் தாக்குவதில்லை. ஆனால் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுபவர்களுக்கும், மாற்று உறுப்புப் பெற்றவர்களுக்கும் அவை உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகையோர் இருக்கும் பிரிவுகளுக்கு அருகே கட்டட வேலை நடந்தால், மருத்துவமனைகளே அப்பகுதியை மறைத்து அடைத்துவிடுகின்றன. வீட்டில் அவ்வாறு அடைப்பது அரிது. ஆகவே அவர்கள் வேலை முடியும் வரை உறவினர் வீட்டில் தங்குவது நல்லது; இல்லையேல் மருத்துவர் இசைவு தரும் வரை வேலையைத் தள்ளிவைக்க வேண்டும். பூச்சுக்கு நீர் தெளிப்பதற்கென நிரப்பி வைக்கும் டிரம்களையும் மூடிவைக்க வேண்டும். டெங்குக் கொசு அந்தத் தெளிந்த நீரில்தான் முட்டையிடும்.

சிகிச்சை முடிந்த பின் வேலையைச் செய்யலாமே என்று சிலர் சொல்லக்கூடும். முடிவு தெரிந்த சிகிச்சையானால் அவ்வாறே செய்யலாம். டயாலிசிஸ் போன்ற சிகிச்சைக்கு அத்தகைய முடிவு ஏது? மேலும், வழுக்கும் தரையும் கசியும் குழாயும் நோயாளிக்கே தீங்கானவை. வேலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயத்தமின்றித் தொடங்க வேண்டாம் என்றே சொல்கிறோம்.

எங்கள் சமையலறை இப்போது நன்றாக இருக்கிறது. தரை வழுக்குவதில்லை, சுவரில் ஈரமில்லை. ஆனால் மேடையின் உயரத்தை ஒப்பந்தக்காரரும் நாங்களுமே பேசி முடித்துவிட்டோம். தாயாரைக் கேட்கத் தோன்றவில்லை. அது அவருக்கு நான்கு விரற்கடை உயரம் கூடுதல். இன்றும் அவர் ஒரு மணைப்பலகையின் மேல் நின்றுதான் தந்தையாருக்குரிய காய்களை வடிக்கிறார்.

நாள் குறிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு சொல் கேளுங்கள். அதற்கும் முன்பாக, அந்தச் சமையலறையில் சமைப்பவரையும், அச்சமையலை நம்பியிருக்கும் நோயாளியையும் கேளுங்கள்.