501 ரூபாய் பூட்டு

"ஏனுங்க, வெளிநாடு போனா எந்த கம்பெனி சிம் நல்லா எடுக்குமுங்க?"

ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் காயர் பித் கட்டியைக் கப்பலேற்றுகிறவரும் கேட்கிறார், திருப்பூர் பனியன்காரரும் கேட்கிறார். நல்ல கேள்விதான். ஆனால், பதில் வருவதற்குள் இன்னொன்று கேட்பார்கள் பாருங்கள்: "அதுல எது சீப்புங்க?" நம்மவர்கள் இருபது வருஷமாக மாட்டிக்கொள்வது அந்த இரண்டாவது கேள்வியில்தான்.

2003 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? 501 ரூபாய் கட்டினால் கையில் செல்போன் என்று ரிலையன்ஸ் இறங்கியது. மீதியை மாசாமாசம் கட்டினால் போதும். ஊரே க்யூவில் நின்றது. அது சி.டி.எம்.ஏ. என்கிற தொழில்நுட்பம். தொழில்நுட்பத்தை மட்டம் என்று சொல்ல மாட்டேன். பின்னால் வந்த 3ஜியே அந்த வழியில் பிறந்ததுதான். வில்லங்கம் வேறு இடத்தில். அன்றைய அந்த செட்டுகள் பெரும்பாலானவற்றில் சிம் கார்டே கிடையாது. நம்பர் செட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். கம்பெனியை மாற்ற நினைத்தால் போனையும் தூக்கிப் போட வேண்டும், நம்பரையும் மறக்க வேண்டும். ஐரோப்பாவுக்கோ துபாய்க்கோ போனால் அந்த செட்டு வெறும் கடிகாரம். அங்கெல்லாம் ஜி.எஸ்.எம். ராஜ்யம். ஜி.எஸ்.எம். வைத்திருந்தவரும் ரொம்பக் குதிக்க வேண்டாம். ஜப்பானிலும் கொரியாவிலும் அந்த நெட்வொர்க்கே கிடையாது. அங்கே அவருடைய செட்டும் கடிகாரம்தான்.

நான் பி.காம். படித்தவன். ஒரு பொருளின் விலை என்பது வாங்கும்போது கொடுக்கிற காசு மட்டுமில்லை, அதைவிட்டு வெளியே வர ஆகும் செலவும் சேர்ந்தது என்று எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். 501 ரூபாய் விளம்பரத்தில் அந்த இரண்டாவது விலையைத் தேடிப் பாருங்கள். பூதக்கண்ணாடி வைத்தாலும் கிடைக்காது. 2017 கடைசியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் தன் செல்போன் பேச்சு சேவையையே மூடிவிட்டுப் போனது.

'நான் சிம் உள்ள கம்பெனியில்தானே இருந்தேன், எனக்கென்ன' என்கிறீர்களா? ஏர்செல்லை மறந்துவிட்டீர்கள். நம்ம தமிழ்நாட்டில் 1999-ல் பிறந்த கம்பெனி. ஜி.எஸ்.எம்., சிம் எல்லாம் உண்டு. 2018 பிப்ரவரியில் டவர் நிறுவனத்தோடு பணத் தகராறு. திடீரென்று தமிழ்நாடு முழுக்க சிக்னல் செத்தது. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011-லேயே நாடு முழுக்க வந்துவிட்டது. ஆனால், அதற்கு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாத போனிலிருந்து எப்படி அனுப்புவது? வியாபாரியின் விசிட்டிங் கார்டிலும் லாரி ஷெட் சுவரிலும் பேங்க் கணக்கிலும் இருந்த நம்பர் அந்த நாட்களில் ஊமையாகிக் கிடந்தது. அந்த மாசக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது.

ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறுகிற லாரி டிரைவரைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு கம்பெனி சிம் வைத்திருப்பார். எந்தக் கொண்டை ஊசி வளைவில் எது கைவிடும் என்பது அவருக்கு அத்துப்படி. கோடிக்கணக்கில் ஆர்டர் எடுக்கிற முதலாளி மட்டும் ஒரே சிம்மோடு விமானம் ஏறுகிறார்!

இப்போதைய பூட்டு வேறு தினுசு. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் 2022-லேயே 3ஜியை மூடிவிட்டன. ஆஸ்திரேலியா 2024-ல் மூடியது. அங்கெல்லாம் 4ஜி வழியாகத்தான் பேச்சு. அதற்குப் பெயர் வோல்ட்டி. உங்கள் இந்தியக் கம்பெனிக்கும் அந்த ஊர்க் கம்பெனிக்கும் வோல்ட்டி ரோமிங் ஒப்பந்தம் இருக்க வேண்டும், உங்கள் செட்டும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். இல்லையென்றால் இன்டர்நெட் ஓடும், போன் பேசாது. ஷோரூம் பையன் இதைச் சொல்ல மாட்டான். எத்தனை ஜி.பி. என்றுதான் சொல்வான்.

அந்த ஊரில் இறங்கியதும் அங்கத்திய சிம்மைப் போட்டுக்கொண்டு நம்ம சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைப்பது இன்னொரு கெட்டிக்காரத்தனம். சப்ளையருக்குப் பணம் அனுப்பும்போது பேங்க் ஓ.டி.பி. எங்கே வரும்? பர்ஸுக்கா? இரண்டு சிம் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். நம்ம நம்பர் ரோமிங்கில் உயிரோடு இருக்கட்டும், டேட்டாவுக்கு அந்த ஊர் சிம் இருக்கட்டும்.

ஈ-சிம் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால், வெளியூரில் செட்டு உடைந்தால், பிளாஸ்டிக் சிம்மை உருவி இன்னொரு போனில் போட்டு அடுத்த நிமிஷம் பேசலாம். ஈ-சிம்மை வேறு செட்டுக்கு மாற்ற கம்பெனியின் தயவு வேண்டும். பேங்கில் பதிந்திருக்கிற தொழில் நம்பரையாவது பிளாஸ்டிக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சலுகை விலையில் ஈ-சிம்முக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால், திரும்ப பிளாஸ்டிக்குக்கு வர என்ன செலவு, எத்தனை நாள் ஆகும் என்று முதலில் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.