சீருடையும் சீர்மையும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது செஞ்சி நகரம். நகரின் மேற்கே இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் முக்கோணம் போல நிமிர்ந்து நிற்கின்றன. மூன்றையும் இணைத்துச் செல்கின்றது நெடிய மதில். இராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. அதன் உச்சியை அடையும் முன் ஆழ்ந்த பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடுகின்றது. அதன்மேல் உள்ள பாலத்தை அகற்றிவிட்டால், பகைவர் அப்பால் ஓர் அடியும் எடுத்து வைத்தல் அரிது. மராட்டியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளுள் ஒன்றாக இக்கோட்டையும் 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது.

இக்கோட்டையின் வரலாறு ஓர் அரிய உண்மையை உணர்த்துகின்றது. 1690ஆம் ஆண்டில் ஔரங்கசீப்பின் படைத்தலைவன் சுல்பிகார் கான் இதனை முற்றுகையிட்டான். சிவாஜியின் மகன் இராஜாராம் உள்ளே இருந்தான். களஞ்சியங்களில் தானியம் இருந்தது. சுனைகளிலும் குளங்களிலும் நீர் இருந்தது. வெளியே சந்தாஜி, தனாஜி என்னும் மராட்டியத் தலைவர்கள் முற்றுகையிட்ட படையையே தாக்கி அலைக்கழித்தனர். கோட்டை மொகலாயர் கைக்குச் செல்ல 1698ஆம் ஆண்டு ஆயிற்று. ஆனால் 1750ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இதே கோட்டையை ஒரே இரவில் கைப்பற்றினான். குன்றுகளும் மதில்களும் அவ்விடத்திலேயே இருந்தன. காத்து நின்றவரே வேறு. அரணைப் பற்றிப் பத்துக் குறட்பாக்கள் இயற்றிய திருவள்ளுவர், எத்துணைச் சிறப்புடைய அரணாயினும் செயல்திறம் இல்லாதாரிடத்தில் அது பயனற்றது என்று அவ்வதிகாரத்தை முடித்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வுண்மை கோட்டைகளுக்கு மட்டும் உரியதன்று. பள்ளிகளில் நடைபெறும் சாரணர் இயக்கத்திற்கும் இது பொருந்தும். அவ்வியக்கத்திற்குச் சீருடை ஒரு மதில் போன்றது. அதன் உள்ளே நின்று வழிநடத்தும் தலைவரின் பயிற்சியே காவல் போன்றது. மதிலை அழகுபடுத்துவதில் காட்டும் ஆர்வத்தைக் காவலரை உருவாக்குவதிலும் காட்டுகிறோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சாரணர் இயக்கத்தின் கருத்தும் ஒரு முற்றுகையின்போதே முளைவிட்டது எனலாம். தென்னாப்பிரிக்காவில் மாபெகிங் என்னும் ஊர் 1899ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1900ஆம் ஆண்டு மே வரை 217 நாட்கள் முற்றுகையிடப்பட்டிருந்தது. அதனைக் காத்த ஆங்கிலத் தளபதி பேடன் பவல். அங்குச் சிறுவர்கள் செய்தி கொண்டு செல்லுதல் முதலிய பணிகளைத் திறம்படச் செய்தனர். நம்பிப் பொறுப்பளித்தால் சிறுவரும் பெரியோர்போல் கடமையாற்றுவர் என்பதை அவர் கண்டார். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரவுன்சீ என்னும் சிறு தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கொண்டு முதற் பாசறையை நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளிலிருந்து வந்தவர் சிலர். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலர். அனைவரும் நான்கு அணிகளாகக் கலந்து பிரிக்கப்பட்டனர். அப்பாசறையில் இன்று நாம் காணும் முழுச் சீருடை இல்லை. எந்த அணியைச் சேர்ந்தவர் என்பதைத் தோளில் அணிந்த வண்ண முடிச்சே காட்டிற்று. சீருடை தோன்றும் முன்னரே சாரணம் தோன்றிவிட்டது என்பதை இதனால் அறியலாம்.

நம் நாட்டில் 1909ஆம் ஆண்டில் பெங்களூரில் முதற் சாரணர் படை தொடங்கப்பட்டது. ஆயினும் தொடக்கத்தில் அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவருக்கே உரியதாய் இருந்தது. இந்தியச் சிறுவருக்கு அதில் இடமில்லை. இக்குறையை நீக்க, அன்னி பெசன்ட் அம்மையார் 1916ஆம் ஆண்டில் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கத்துச் சிறுவர் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர். வடநாட்டில் மதன்மோகன் மாளவியா போன்றோர் சேவா சமிதியின் சார்பில் சாரணர் படைகளை வளர்த்தனர். விடுதலைக்குப் பின், 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பல சங்கங்களும் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. மறு ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சாரணியரும் அதனுடன் இணைந்தனர். நாட்டுக்கும் காலத்துக்கும் ஏற்ப இயக்கத்தின் புறக்கோலத்தை மாற்றிக்கொள்வது தவறன்று என்பதற்கு அன்னி பெசன்ட் அம்மையாரின் படையினர் அணிந்த தலைப்பாகையே சான்று.

சீருடையால் விளையும் நன்மை சிறிதன்று. செல்வர் மகனும் உழவர் மகனும் ஒரே உடையில் நிற்கும்போது வேற்றுமை மறைகின்றது. இடர் நேர்ந்த இடத்தில், உதவி நாடுவோர் சாரணனை எளிதில் அடையாளம் கண்டுகொள்கின்றனர். கழுத்தில் அணியும் முக்கோணத் துணி அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. கை முறிந்தவனுக்கு அது தொங்கு கட்டு. காயம் பட்டவனுக்கு அதுவே கட்டுத்துணி. ஆதலின் சீருடை வேண்டா என்று கூறுதல் பொருந்தாது.

ஆனால் வேற்றுமையை மறைக்க வந்த சீருடையே வேற்றுமையை உண்டாக்கிவிடவும் கூடும். சட்டை, கால்சட்டை, தொப்பி, இடைவார், காலணி, சின்னங்கள் ஆகிய அனைத்தையும் வாங்கி வந்தால்தான் படையில் சேரலாம் என்று விதித்தால், கூலி வேலை செய்வோரின் பிள்ளை வீட்டில் கேட்கவே தயங்குவான். ஆர்வமில்லை என்று பொய் கூறி ஒதுங்கியும் விடுவான். யாருக்காக இயக்கம் மிகவும் தேவையோ, அவனே வாயிலுக்கு வெளியே நிற்க நேரிடும். இதனைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. படையில் சேரும் நாளில் சீருடை வேண்டா. முடிச்சுகளும் முதலுதவியும் கற்று, உறுதிமொழி ஏற்கும் நாளில் கழுத்துத் துணியை மட்டும் பள்ளியே அளித்தல் வேண்டும். முழுச் சீருடைகளைப் பள்ளியின் பொதுப் பேழையில் சேமித்து வைக்கலாம். வளர்ந்த மாணவர் தமக்குச் சிறிதாகிவிட்ட உடையைத் துவைத்து மடித்துப் பேழையில் இடுவர். இளையோர் அதனை எடுத்து அணிவர். அண்ணன் சட்டையைத் தம்பி அணிவது நம் வீடுகளில் என்றும் உள்ள வழக்கமே. அதில் இழிவு ஏதும் இல்லை.

மேலும், உடை ஊருக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். சித்திரை வெயிலில் செஞ்சியின் கருங்கற் பாறைகள் அனல் கக்கும். விளிம்பில்லாத நீலத் தொப்பி அணிவகுப்பில் அழகு தரலாம். ஆனால் கண்ணுக்கும் பிடரிக்கும் அது நிழல் தருவதில்லை. மலையேறும்போதும் வெளியிற் பணி செய்யும்போதும் அகன்ற விளிம்புடைய பருத்தித் தொப்பியையோ தலைப்பாகையையோ அணிய இடமளித்தல் நன்று. பேடன் பவல் காலத்துச் சாரணர் அகன்ற விளிம்புத் தொப்பியையே அணிந்தனர் என்பதும் கருதத்தக்கது.

இனி, தலைவர் பயிற்சியைக் காண்போம். இயக்கம் பரவிய வேகத்திற்கு ஏற்பத் தகுதியுள்ள தலைவர் கிடைக்கவில்லை என்பதைப் பேடன் பவல் உணர்ந்தார். ஆகவே, 1919ஆம் ஆண்டு இலண்டனுக்கு அருகே கில்வெல் பூங்கா என்னும் இடத்தில் தலைவர்களுக்கெனப் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. அங்கு வந்த பெரியோர் நாற்காலியில் அமர்ந்து சொற்பொழிவு கேட்கவில்லை. சிறுவரைப் போலவே அணிகளாகப் பிரிந்து, கூடாரம் அடித்து, தாமே சமைத்து உண்டு கற்றனர். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் தேசியப் பயிற்சி நிலையம் உள்ளது. அடிப்படைப் பயிற்சி, மேல்நிலைப் பயிற்சி, இமாலய வுட் பேட்ஜ் பயிற்சி எனத் தலைவர்களுக்குப் படிநிலைகளும் வகுக்கப்பட்டுள்ளன.

ஏணி நன்று, ஆனால் முதற் படியிலேயே நின்றுவிட்டால் பயன் என்ன? வகுப்பறைப் பணிகள் நிறைந்த ஆசிரியர் ஒருவரிடம் சாரணர் பணியையும் கூடுதலாகச் சுமத்தி, ஒருமுறை பயிற்சிக்கு அனுப்பியதோடு கடமை முடிந்தது எனக் கருதுவது பெருந்தவறு. அறிவு மாறிக்கொண்டே இருக்கின்றது. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டவேண்டும், கீறிக் குருதியை வெளியேற்ற வேண்டும் என்று முன்னாளில் கற்பித்தனர். அவை தீங்கு விளைப்பன என்று இன்றைய மருத்துவம் தெளிவாகக் கூறுகின்றது. கடியுண்டவரை அமைதிப்படுத்தி, கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே சரியான முறை. பழைய பாடத்தையே நினைவில் வைத்திருக்கும் தலைவர் எத்துணை நல்லெண்ணம் உடையவராயினும், அவர் கற்பிப்பது ஓர் உயிருக்கு இறுதியாய் முடியலாம். பொத்தான் ஒன்று குறைந்த சட்டையால் எவருக்கும் கேடில்லை. ஆதலால் முதலுதவிப் பயிற்சியை உரிய கால இடைவெளியில் புதுப்பித்துக்கொள்ளாத தலைவர் சிறுவரை வெளியில் அழைத்துச் செல்லக்கூடாது என்று விதி வகுத்தல் வேண்டும்.

இத்தகைய பயிற்சிக்குச் செஞ்சியைப் போன்ற களம் கிடைப்பது அரிது. வட்டாரத்துப் பள்ளிகளின் சாரணத் தலைவர்கள் ஆண்டுக்கு இருமுறை இங்குக் கூடலாம். திசைகாட்டியின் துணையால் மூன்று குன்றுகளையும் வரைபடத்தில் குறிக்கலாம். கல்யாண மகால், களஞ்சியம், ஆனைக்குளம் ஆகியவற்றைக் கண்டு, முன்னோர் நீரையும் உணவையும் எவ்வாறு காத்தனர் என்று ஆராயலாம். காலைக் கதிரவன் எழும்போதே மலையேறத் தொடங்கி, வெயில் முதிரும் முன் இறங்கித் திரும்பப் பழகலாம். ஒருவருக்கு வெப்ப மயக்கம் வந்ததாகப் பாவித்து, அவரை நிழலில் கிடத்தி உடலைக் குளிர்விக்கவும், படிகளின் வழியே தூக்கிக்கொண்டு இறங்கவும் ஒத்திகை பார்க்கலாம். இவ்வாறு ஒருமுறை தாமே இறங்கி வந்த தலைவர், எத்தனை சிறுவருக்கு எத்தனை குடம் நீர் வேண்டும் என்பதை ஏட்டைப் பாராமலே கூறுவார். குளக்கரைக்குச் செல்லும்போது ஒரு தலைவர் முன்னும் மற்றொருவர் பின்னும் நிற்கவேண்டுவது ஏன் என்பதும் அவருக்கு விளங்கும்.

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஆதலின் அங்கு அடுப்பு மூட்டுதலோ கூடாரத்திற்காகத் தரையைத் தோண்டுதலோ தகாது. தங்குமிடத்தை ஊரிலுள்ள பள்ளி வளாகத்தில் அமைத்துக்கொண்டு, உரிய இசைவு பெற்று, குறித்த நேரத்திற்குள் கோட்டைக்குச் சென்று திரும்புதல் வேண்டும். சட்டத்தை மதித்து நடப்பதும் சாரணப் பாடமே. பார்வையாளர் பெருகும் விடுமுறை நாட்களில் சாரணரும் சாரணியரும் அணி அணியாக நின்று வழிகாட்டலாம், முதியோருக்கு உதவலாம், சுவர்களில் பெயர் கிறுக்குவோரைப் பணிவுடன் தடுக்கலாம், படிகளில் எறியப்பட்ட நெகிழிப் புட்டிகளைத் திரட்டலாம். இப்பணிகளைத் திட்டமிடும் பொறுப்பை ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட ஒவ்வோர் அணிக்கும் அதன் அணித்தலைவனுக்குமே விட்டுவிட வேண்டும். தலைவர் எல்லாவற்றையும் தாமே கட்டளையிட்டு நடத்தினால், சிறுவர் கீழ்ப்படியக் கற்பரேயன்றிப் பொறுப்பேற்கக் கற்கமாட்டார்.

சீருடையைத் தளர்த்தினால் ஒழுங்கு குலையாதோ எனச் சிலர் வினவலாம். ஒழுங்கு என்பது வரிசையில் நிற்கும்போது தோன்றி, வரிசை கலைந்ததும் மறைவதன்று. எவரும் காணாத இடத்திலும் கடமையைச் செய்வதே ஒழுங்கு. சாரணத்தால் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோரும் உளர். வரைபடம் வரைந்து குன்றின் உயரத்தைக் கணிக்கும் மாணவன் கணக்கையும் புவியியலையும் வரலாற்றையும் ஒருங்கே கற்கின்றான் என்பதை அவர்க்கு எடுத்துக்கூறுதல் வேண்டும். தலைவர் பயிற்சிக்குப் பொருள் ஏது என்பது மற்றொரு வினா. பெருவிழாக்களுக்கும் அணிவகுப்புகளுக்கும் செய்யும் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மணப்பாறையில் நடைபெற்ற வைரவிழாப் பெருந்திரளணி போன்ற விழாக்கள் பல மாநிலச் சிறுவரை ஒன்றுகூட்டும் நற்பணியைச் செய்கின்றன. அங்கு மூண்ட ஆர்வம், திரும்பிச் சென்றபின் அணையாமல் இருக்க, ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்சி பெற்ற தலைவர் ஒருவர் காத்திருத்தல் வேண்டும்.

ஆகவே, பள்ளிகள் தம் முறையைச் சற்றே திருப்பி அமைத்தல் நன்று. முதலில் தலைவரைப் பயிற்றுக. அடுத்து அணிகளுக்குப் பொறுப்பளிக்க. அதன்பின் சீருடை அணிவிக்க. அவ்வாறு அணிவித்த சீருடை, பழையதாயினும் ஒட்டுப்போட்டதாயினும், அதனை அணிந்தவனுக்குப் பெருமை தரும். இராஜகிரியின் படியில் களைத்து அமர்ந்த முதியவர் ஒருவர், தம்மை நோக்கி வரும் சிறுவனின் கழுத்துத் துணியைக் கண்டதும் அச்சம் நீங்கப் பெறுவாராயின், இயக்கம் தன் பயனை அடைந்தது எனலாம்.