வாங்குமுன் எஞ்சினைப் பாருங்கள்



மகன் ஓட்டிப் பிழைக்கட்டும் என்று நகையை அடகு வைத்துப் பழைய லொறி வாங்கும் தாய்மாரை என் பணியில் சந்திக்கிறேன். பெயின்ற் மினுக்கத்தைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். எஞ்சின் பழுதானால் லொறி நிற்கும். அடகு வட்டி நிற்காது.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஆறிய எஞ்சினில்தான் குறை தெரியும்.

ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் ஒயில் மிதக்கக் கூடாது. ஒயில் பால்தேநீர் நிறமாக இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு எஞ்சினை இயக்கிப் புகையைக் கவனியுங்கள். நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது. விடாமல் கரும்புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் அதுவும் பழுதே.

விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தவரைக் கூட்டிச் செல்லுங்கள். ஆண்துணை இல்லையென்று தயங்காதீர்கள். காசு உங்களுடையது, கேளுங்கள்.