பூனையின் இமைக் கட்டி

எம் இல்லத்துப் பாரசீகப் பூனையின் இமையோரத்தில் மிளகளவில் கருங்கொப்புளங்கள் மூன்று தோன்றின. ஊசியால் குத்திவிடுமாறு அண்டை வீட்டார் கூறினர், நாம் இசையவில்லை.

இமையின் சுரப்பியில் நீர் தேங்குவதால் இவ்வினப் பூனைகளுக்கு வரும் இத்தகைய கட்டி தீங்கற்றதே. ஆயினும், பூனைகளின் இமைக் கட்டிகளிற் பல புற்றுநோயாக இருத்தலுண்டு. வெண்ணிறப் பூனைகளுக்கு வெயிலினால் வரும் ஆறாப் புண் அத்தகையது. எனவே கண்ணாற் கண்டு துணிதல் ஆகாது. மருத்துவர் நுண்ணூசியால் நீரெடுத்துச் சோதித்தார்.

நீரை வடித்தால் மட்டும் போதாது. கட்டி மீண்டும் எழும். அறுத்தகற்றுதலும், கடுங்குளிரால் உறையவைத்து அழித்தலும் நற்பயன் தரும். எம் பூனைக்கு மயக்கமளித்துக் கட்டிகளை அகற்றினர். அகற்றியதையும் சோதனைக்கு அனுப்பினர். தீங்கில்லை என்றே விடை வந்தது.

வாயில்லா உயிரின் கண் நம் பொறுப்பன்றோ? இமையில் கட்டி கண்டால், அன்பர்கள் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக.