ஒலிப் பாடத்தில் ஒற்றை வரியாகிப் போன மனிதக் குரல்

ஆய்வுக்காக நான் தங்கியிருக்கும் ஐதராபாத்தில், அண்டை வீட்டு எட்டாம் வகுப்பு மாணவி தேர்வுக்காக ஒலிப் பாடத்தை மனனம் செய்துகொண்டிருந்தாள். சுருதி, உரப்பு, தரம் என மூன்று பண்புகளையும் தடையின்றி ஒப்பித்தாள். 'ஆ', 'ஈ' என்னும் இரண்டு உயிர்களையும் வேறுபடுத்துவது இம்மூன்றில் எது என்று கேட்டேன். சற்றுத் தயங்கிச் சுருதி என்றாள்.

பிழை அவளுடையதன்று. சுருதிக்கு அதிர்வெண், உரப்புக்கு வீச்சு என்று பள்ளி நூல்கள் விளக்கமும் கணக்கும் தருகின்றன. தரத்திற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: வீணையையும் வயலினையும் பிரித்தறிய உதவும் பண்பு. மனிதப் பேச்சின் பெரும்பகுதி அந்த ஒற்றை வரிக்குள்தான் அடங்கிக் கிடக்கிறது என்பதே என் வருத்தம்.

இப்போதே செய்து பாருங்கள். சுருதியையும் உரப்பையும் மாற்றாமல் 'ஆ' என்று நீட்டி, மூச்சு விடாமல் 'ஈ'க்குச் செல்லுங்கள். குரல்நாண்கள் முன்போலவே அதிர்கின்றன. பெரிதும் மாறியது நாவின் நிலையே. அதனால் வாயறையின் வடிவம் மாறி, அது வேறு அதிர்வெண்களை ஒத்ததிர்வால் வலுப்படுத்துகிறது. வயதுவந்த ஆணின் 'ஆ'வில் முதலிரு ஒத்ததிர்வுகள் ஏறத்தாழ 700, 1100 ஹெர்ட்சிலும், 'ஈ'யில் 300, 2300 ஹெர்ட்சிலும் அமையும். இனி, இரண்டையும் கிசுகிசுத்துப் பாருங்கள். குரல்நாண்கள் அதிரவேயில்லை; ஆயினும் எது 'ஆ', எது 'ஈ' என்பதில் ஐயம் எழவில்லை. இசைக்கவையோ ஆய்வுக்கூடமோ தேவைப்படாத ஒத்ததிர்வுச் சோதனை இது.

இந்நாட்டிற்கு இவ்வறிவு அந்நியமானதும் அன்று. குரல்வளை திறந்திருந்தால் மூச்சொலியும், நெருங்கியிருந்தால் நாதமும் பிறக்கும் என்று பிராதிசாக்கிய நூல்கள் பிரித்துரைத்தன. தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்புக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியது. இன்றோ எழுத்துகளின் பிறப்பு மொழிப் பாடவேளையிலும், ஒலி அறிவியல் பாடவேளையிலும் தனித்தனியே மனனம் செய்யப்படுகின்றன. இரண்டும் ஒரே நிகழ்வு என்பதை மாணவருக்குச் சொல்வார் இல்லை.

இதனால் நேரும் இழப்பு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. 'ஸ்' போன்ற உரசொலிகளின் ஆற்றலோ பெரிதும் 4000 ஹெர்ட்சுக்கு மேல். உயர் அதிர்வெண்களில் மட்டும் செவித்திறன் குறைந்த குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும். சொல்வதெழுதுதலில் மட்டும் எழுத்துகளைத் தவறவிடும். காது நன்றாகத்தானே கேட்கிறது, கவனம்தான் இல்லை என்று அதனைக் கடிந்துகொள்வோம். பேச்சொலி பல அதிர்வெண்களின் கலவை என்று உணர்ந்த ஆசிரியரோ, தண்டிப்பதற்கு முன் செவிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வார்.

எனவே அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இசைக்கவையைத் தட்டுவதற்கு முன், வகுப்பு முழுவதையும் ஒரே சுருதியில் 'ஆ', 'ஈ' என்று சொல்லச் செய்யுங்கள். பிறகு கிசுகிசுக்கச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். மொழி ஆசிரியரையும் அன்று வகுப்பிற்கு அழைத்துக்கொண்டால் இன்னும் நன்று.