ஒரு சொம்புத் தண்ணீர்

"நீயும் ஒன்றைப் பெற்று வளர்த்துப் பார், அப்போது தெரியும்!" என்று உங்கள் தாயார் உங்களிடம் சொன்னதுண்டா? சொல்லாத தாயார் தமிழ்நாட்டில் இருப்பதாக நான் நம்பவில்லை. என்ன தெரியும் என்பதை மட்டும் அவர்கள் விளக்குவதேயில்லை.

பட்டாபிராமில் என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அம்மா பட்டணத்தில் உத்தியோகம் பார்த்தவர். சாயந்திரம் வீடு திரும்பியதும், வாசற்படியில் காத்திருக்கும் பெண்ணை ஒதுக்கிவிட்டு நேரே சமையலறைக்குப் போவாராம். நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பாராம். "அம்மாவுக்கு என்னைவிடத் தண்ணீர்தான் பெரிது" என்று இருபது வருஷத்துக்கு மேல் மனத்தில் வைத்துக் கொண்டிருந்தாள் இவள்.

இப்போது இவளும் அதே மின்சார ரயிலில் போய் வருகிறாள். சென்ட்ரலிலிருந்து பட்டாபிராம் சுமார் 25 கிலோமீட்டர். வண்டியில் எத்தனை பெட்டி இருந்தென்ன, கழிப்பறை ஒன்றுகூடக் கிடையாது. அம்மா காலத்திலும் கிடையாது. ஆகவே மத்தியானத்துக்கு மேல் இவள் தண்ணீரைத் தொடுவதில்லை. சென்ற மாதம் ஒருநாள், காலைக் கட்டிக்கொண்ட நாலு வயது மகளை "இருடி கண்ணு" என்று விலக்கிவிட்டுச் சொம்பை வாயில் வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாளாம். சம்பவம் பழையதுதான். இத்தனை நாளும் அதை வாசற்படியிலிருந்து பார்த்தவள், அன்றைக்குச் சமையலறையிலிருந்து பார்த்தாள்.

உடனே, "பிள்ளை பெற்றால் அம்மா மேல் உள்ள கோபமெல்லாம் தீர்ந்துவிடும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த மற்றொருத்தி, ஆறு வயதில் விசிறிக் காம்பால் வாங்கிய அடியை வேடிக்கைக் கதையாகவே சொல்லிச் சிரிப்பாள். அவள் பெண்ணுக்கும் ஆறு வயதாயிற்று. ஒருநாள் அதற்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தவள், "இவ்வளவு சின்னக் கையையா அடித்தார்கள்?" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் சொல்வதேயில்லை.

அதுவும் நல்லதற்குத்தான் என்பேன். அமெரிக்காவில் ஸெல்மா ஃப்ரைபர்க் என்ற அம்மையார், தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் கூர்ந்து கவனித்து, 1975-இல் தம் சகாக்களுடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிள்ளைப் பிராயத்தில் துன்பப்பட்ட தாய்மாரில் சிலர் அதே துன்பத்தைத் தம் குழந்தைக்கும் கொடுக்கிறார்கள்; அநேகர் கொடுப்பதில்லை. ஏன்? நடந்த சம்பவம் இரு சாராருக்கும் ஞாபகம் இருக்கலாம். ஆனால் அன்று பட்ட வலியையும் பயத்தையும்கூட மறவாதவர்கள்தாம் அதைத் தம் குழந்தைக்குக் கொடாமல் நிறுத்துகிறார்கள் என்பது அவர் கண்டது. "அந்தக் காலத்தில் அடிக்காத வீடு ஏது?" என்று நாம் சிரித்து மழுப்புகிறோமே, அதில் கொஞ்சம் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது!

சிநேகிதியிடம் திரும்புவோம். அன்று ராத்திரியே அம்மாவைப் போனில் கூப்பிட்டு, தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்.

"தண்ணியா? அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? நீ தினமும் ஒத்தைச் செருப்பைப் போட்டுக்கிட்டு வாசப்படியில நிப்பே. இன்னொண்ணைத் தேடறதே எனக்கு வேலை. அதுதான் ஞாபகம் இருக்கு" என்றாராம் அம்மா.

ஒற்றைச் செருப்புச் சங்கதி இவளுக்கு அடியோடு ஞாபகமில்லை.