முதலில் பீரோவைத் திறங்கள்!

போன மாதம் நாத்தனார் பெண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீருக்கே சேமிப்பெல்லாம் கரைந்துவிட்டது. எனக்கென்று மிஞ்சியது 1,500 ரூபாய். "மாமியே பழசைக் கட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?" என்று, வளையலை அடகு வைக்கிற வரைக்கும் யோசனை போய்விட்டது.

மாமியார்தான், "முதல்ல பீரோவைத் திறந்து பாரும்மா" என்றார்.

அடியில் என் கல்யாணத்து அரக்குப் பட்டு! புடவைக்கு ஒரு குறையும் இல்லை; ஜாக்கெட்தான் சிறுத்துவிட்டது. (நான் பெருத்துவிட்டேன் என்பது வேறு விஷயம்!) 80 செ.மீ. துணி எடுத்து மயில்கழுத்து நிறத்தில் புது ஜாக்கெட் தைத்தேன். நைந்த ஃபால்ஸை மாற்றினேன். தையல் கூலியோடு 900 ரூபாய்க்குள் முடிந்தது. கல்யாணத்தில் மூன்று பேர், "எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று கேட்டார்களே!

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், சகோதரிகளே. கறுப்பு, அரக்கு, சந்தன நிறத்தில் ஒவ்வொரு ஜாக்கெட் இருந்தால் போதும், பத்துப் புடவைக்கு ஈடுகொடுக்கும். சுங்குடிப் புடவையை, நீர் கலந்து வடிகட்டிய சோற்றுக்கஞ்சியில் நனைத்து நிழலில் உலர்த்துங்கள். லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டால் மொடமொடவென்று நிற்கும். பட்டைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அவ்வப்போது மடிப்பை மாற்றினால் மடிப்பில் இற்றுப்போகாது. அந்துருண்டை மட்டும் ஜரிகையில் படவே கூடாது, கறுத்துவிடும்.

வளையலா? கையிலேயே இருக்கிறது. அன்று அரக்குப் பட்டுக்கு அதுதானே எடுப்பு!